அரசு நிதியும் அறங்காவலர் பொறுப்பும்: ஆக்ஸ்ஃபாம் விவகாரம் உணர்த்துவது என்ன?

புதுடெல்லி: வெளிநாடுகளில் நிவாரணப் பணி மேற்கொள்ளும் தொண்டு நிறுவனங்கள் பொதுமக்களின் நன்கொடையுடன் அரசுகளின் நிதியையும் பெற்று இயங்குகின்றன. அத்தகைய நிறுவனம் ஒன்றில் கடுமையான முறைகேடு நடந்தால் அரசின் கையில் உள்ள மிக வலுவான ஆயுதம், நிதியை நிறுத்துவதாகும். ஆனால், அந்த ஆயுதத்தின் மீதான அச்சமே முறைகேடுகள் வெளியே வராமல் போவதற்கும் காரணமாகிவிடுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் ஹைதி நாட்டில் மேற்கொண்ட பணிகள் தொடர்பாக எழுந்த விவகாரம் இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டியது. அதன் பின்னணி, விசாரணையின் முடிவுகள், இந்தியாவில் உள்ள சட்ட நிலை ஆகியவற்றை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

நடந்தது என்ன?

கரீபியன் கடலில் உள்ள ஹைதியில் 2010-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி ரிக்டர் அளவில் 7 ஆகப் பதிவான நிலநடுக்கம் ஏற்பட்டது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் பெரும்பகுதி இடிந்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து கூடாரங்களில் தங்க நேர்ந்தது. உலகின் பல நாடுகளிலிருந்து தொண்டு நிறுவனங்கள் அங்கு விரைந்தன. குடிநீர், கழிப்பிட வசதிப் பணிகளில் நீண்ட அனுபவம் கொண்ட ஆக்ஸ்ஃபாமும் அவற்றில் ஒன்று.

நிலநடுக்கம் ஏற்பட்டு ஓராண்டுக்குப் பிறகு, 2011-ஆம் ஆண்டில், ஹைதியில் பணியாற்றிய ஆக்ஸ்ஃபாம் ஊழியர்கள் சிலர் மீது உள் புகார் எழுந்தது. நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்த குடியிருப்புகளுக்குப் பெண்களை அழைத்துவந்து பணம் கொடுத்துப் பாலியல் உறவு கொண்டனர் என்பதும், சக ஊழியர்களை மிரட்டினர் என்பதும் புகாரில் இடம்பெற்றிருந்தன. உள் விசாரணையின் முடிவில் 4 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அந்நாட்டுப் பணிகளுக்குப் பொறுப்பான இயக்குநர் உள்ளிட்ட 3 பேர் பதவி விலக அனுமதிக்கப்பட்டனர்.

இந்த விவரங்களை பிரிட்டனின் ‘தி டைம்ஸ்’ நாளிதழ் 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி வெளியிட்டது. ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு என்றபோதிலும் சில நாள்களுக்குள் அது உலகச் செய்தியானது. ஊழியர்கள் செய்த தவறு ஒரு பங்கு அதிர்ச்சி அளித்தது என்றால், நிறுவனத்தின் தலைமைக்கு அது அப்போதே தெரிந்திருந்தும் முழு உண்மை வெளியே சொல்லப்படவில்லை என்பது மறு பங்கு அதிர்ச்சியாக இருந்தது.

ஆக்ஸ்ஃபாம் என்பது ஒரே நிறுவனமா?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-ஆம் ஆண்டு, பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் பஞ்ச நிவாரணக் குழுவாகத் தொடங்கப்பட்டதே ஆக்ஸ்ஃபாம். நாஜிப் படைகளின் பிடியிலிருந்த கிரேக்க நாட்டு மக்களுக்கு உணவு கிடைக்கச் செய்வது அதன் தொடக்க கால நோக்கமாக இருந்தது. 1951-ஆம் ஆண்டு பிகாரில் ஏற்பட்ட பஞ்சத்தின்போது அது இந்தியாவில் நிவாரணப் பணியில் ஈடுபட்டது.

1995-ஆம் ஆண்டு, பல நாடுகளில் இயங்கிய இத்தகைய அமைப்புகள் இணைந்து ஆக்ஸ்ஃபாம் இன்டர்நேஷனல் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. கூட்டமைப்பின் ஒவ்வோர் உறுப்பும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட தனி நிறுவனம். தனி நிர்வாகக் குழு, தனிக் கணக்கு, தனிப் பொறுப்பு. ஹைதி விவகாரத்தில் குற்றச்சாட்டுக்கு உள்ளானது ஆக்ஸ்ஃபாம் ஜிபி எனப்படும் பிரிட்டன் நிறுவனம்.

சட்டத்தின் பார்வையில் இந்த வேறுபாடு முக்கியமானது. பொதுமக்களின் பார்வையில் அது மறைந்துவிடுகிறது. ஒரே பெயர், ஒரே முத்திரை என்பதால் ஓர் உறுப்பின் மீது விழும் கறை எல்லா உறுப்புகள் மீதும் படிகிறது. நற்பெயரைக் காக்க வேண்டும் என்ற அழுத்தம் அந்த அளவுக்குப் பெரிதாகிறது.

யாருக்கு யார் பொறுப்பு?

இங்கிலாந்து மற்றும் வேல்ஸில் தொண்டு நிறுவனம் ஒன்றின் இறுதிப் பொறுப்பு அதன் அறங்காவலர் குழுவிடம் உள்ளது. அறங்காவலர்கள் பொதுவாக ஊதியம் பெறாதவர்கள். ஆண்டுக்குச் சில முறை கூடி, தலைமைச் செயல் அதிகாரி முன்வைக்கும் அறிக்கைகளின் அடிப்படையில் முடிவெடுப்பவர்கள். ஆகவே, அவர்களிடம் எந்தத் தகவல் எந்த அளவில் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே அவர்களின் கண்காணிப்பும் அமைகிறது.

அறங்காவலர்களுக்கு மேலே இருப்பது அறக்கொடை ஆணையம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு. தொண்டு நிறுவனத்தில் கடுமையான சம்பவம் நிகழ்ந்தால் அதை ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது. அரசு நிதி பெறும் நிறுவனமாயின், நிதி அளிக்கும் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். அப்போது அந்தப் பொறுப்பு சர்வதேச வளர்ச்சித் துறையிடம் இருந்தது. அத்துறை 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகத்துடன் இணைக்கப்பட்டது.

ஆக, அறங்காவலர் குழு, ஒழுங்குமுறை ஆணையம், நிதி அளிக்கும் அரசுத் துறை என மூன்று அடுக்குக் கண்காணிப்பு இருந்தது. மூன்று அடுக்கும் ஒரே ஊற்றையே நம்பியிருந்தன. நிறுவனமே முன்வந்து சொல்லும் தகவல்தான் அந்த ஊற்று.

சொல்லப்பட்டதும் சொல்லப்படாததும்

2011-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபாம் அளித்த அறிக்கையில் ஊழியர்களின் தகாத பாலியல் நடத்தை, மிரட்டல், துன்புறுத்தல் ஆகியவை குறிப்பிடப்பட்டிருந்ததாக அறக்கொடை ஆணையம் பின்னர் தெரிவித்தது. உதவி பெறும் மக்கள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதோ, சிறார் தொடர்பான குற்றம் நடந்திருக்கக்கூடும் என்பதோ அதில் இடம்பெறவில்லை. ஊடகங்களுக்கு அளிக்கப்பட்ட விளக்கத்தில் நிவாரண நிதியில் மோசடி நடக்கவில்லை என்பது வலியுறுத்தப்பட்டது. பணம் பத்திரமாக உள்ளது என்ற உறுதிமொழி நன்கொடையாளர்களின் கவலையைத் தணித்தது. ஹைதியின் பெண்கள் பத்திரமாக இருந்தார்களா என்ற கேள்வியை எவரும் கேட்கவில்லை.

அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்ட ஆணையம் மேல் நடவடிக்கை எதையும் எடுக்கவில்லை. ஹைதி அரசிடமும் காவல்துறையிடமும் புகார் அளிக்கப்படவில்லை.

இதன் விளைவுகளில் ஒன்று பின்னாளில் தெரியவந்தது. ஹைதியிலிருந்து பதவி விலகிச் சென்ற இயக்குநர், வேறொரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தின் வங்கதேசப் பிரிவில் உயர் பொறுப்பில் சேர்ந்தார். அவரைப் பற்றி ஆக்ஸ்ஃபாமிடமிருந்து எந்த எச்சரிக்கையும் தங்களுக்கு வரவில்லை என அந்நிறுவனம் தெரிவித்தது. கௌரவமாக வெளியேற அளிக்கப்பட்ட வாய்ப்பு, மற்றொரு ஏழை நாட்டின் மக்களை அபாயத்துக்கு உள்ளாக்கும் முடிவாக அமைந்திருக்கக்கூடும் என்பதே விமர்சகர்கள் சுட்டிக்காட்டிய முக்கியக் குறை.

அரசின் நடவடிக்கை

செய்தி வெளியான ஒரு வாரத்துக்குள் நிகழ்வுகள் விரைந்தன. அப்போதைய சர்வதேச வளர்ச்சித் துறை அமைச்சர் பென்னி மோர்டான்ட், தம்மிடம் உள்ள எல்லாத் தகவல்களையும் ஒப்படைக்காத நிறுவனத்துடன் அரசு இணைந்து பணியாற்ற இயலாது என எச்சரித்தார். பிப்ரவரி 12-ஆம் தேதி ஆக்ஸ்ஃபாமின் துணைத் தலைமைச் செயல் அதிகாரி பென்னி லாரன்ஸ் முழுப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அறக்கொடை ஆணையம் சட்டப்பூர்வ விசாரணையைத் தொடங்கியது. பிப்ரவரி 16-ஆம் தேதி, அரசு திருப்தி அடையும் வரை புதிய அரசு நிதிக்கு விண்ணப்பிப்பதில்லை என ஆக்ஸ்ஃபாம் ஒப்புக்கொண்டதாக அமைச்சர் அறிவித்தார்.

2016-17 நிதியாண்டில் பிரிட்டன் அரசின் வளர்ச்சித் துறையிடமிருந்து ஆக்ஸ்ஃபாம் பெற்ற தொகை சுமார் 3.2 கோடி பவுண்டு. அதன் மொத்த ஆண்டு வருவாய் 40 கோடி பவுண்டுக்கு மேல். எண்ணிக்கை அளவில் அரசின் பங்கு பெரிதல்ல எனத் தோன்றலாம். ஆனால், அரசின் நம்பிக்கை மற்ற நன்கொடையாளர்களுக்கு ஒரு சான்றிதழ் போன்றது. அது கேள்விக்குள்ளானதும் மற்றவர்களும் தயங்கத் தொடங்கினர். ஐரோப்பிய ஆணையமும் நெறிமுறைகளைக் கடைப்பிடிக்காத நிறுவனங்களுக்கு நிதி நிறுத்தப்படும் என எச்சரித்தது. பிப்ரவரி 20-ஆம் தேதி நாடாளுமன்றக் குழுவின் முன் ஆஜரான அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி மார்க் கோல்டரிங், நடந்தவற்றுக்கு மன்னிப்புக் கோரினார். மாதந்தோறும் நன்கொடை அளித்துவந்த சுமார் 7,000 பேர் அதை நிறுத்திவிட்டதாக அவர் தெரிவித்தார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஹைதி அரசு, ஆக்ஸ்ஃபாம் ஜிபி தன் நாட்டில் இயங்குவதற்கான அனுமதியை விலக்கிக்கொண்டது. கூட்டமைப்பின் வேறு சில உறுப்பு நிறுவனங்கள் அங்கு பணியைத் தொடர்ந்தன.

பிரச்சினை ஒரு நிறுவனத்துடன் நிற்கவில்லை. முன்னாள் உயர் அதிகாரிகள் மீதான ஊழியர்களின் புகார்களைக் கையாண்ட விதம் தொடர்பாக சேவ் தி சில்ட்ரன் யுகே நிறுவனமும் 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் புதிய அரசு நிதிக்கு விண்ணப்பிப்பதிலிருந்து விலகிக்கொண்டது. அந்நிறுவனம் மீதும் ஆணையம் விசாரணை நடத்தி, புகார்களைக் கையாண்டதில் கடுமையான குறைபாடுகள் இருந்ததாக 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் அறிக்கை அளித்தது.

உண்மையில் நிவாரணத் துறைக்கு இது புதிய தகவலும் அன்று. கினியா, லைபீரியா, சியரா லியோன் நாடுகளின் அகதி முகாம்களில் நிவாரணப் பணியாளர்கள் சிறார்களைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்குவதாக 2002-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு எச்சரித்தது. அதைத் தொடர்ந்து 2003-ஆம் ஆண்டில் ஐ.நா. பொதுச்செயலர் இது குறித்து கண்டிப்பான விதிமுறைகளை வெளியிட்டார். விதி எழுதப்பட்டு 15 ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன் மீறல் ஒரு நாட்டு அரசை உலுக்கியது.

விசாரணை கண்டது என்ன?

அறக்கொடை ஆணையத்தின் அறிக்கை 2019-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் தேதி வெளியானது. பாதுகாப்பு விஷயத்தில் ஆக்ஸ்ஃபாமின் நிர்வாகத்தில் சில அம்சங்கள் முறைகேடான நிர்வாகம் எனக் கருதத்தக்கவை என அது முடிவு செய்தது. மோசமான நடத்தையைச் சகித்துக்கொள்ளும் சூழல் நிலவியது என்றும் குறிப்பிட்டது.

அறிக்கையின் கண்டறிதல்களில் நான்கு அம்சங்கள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, ஹைதியில் நடந்தவற்றை வெளியே தெரிவிப்பதில் ஆக்ஸ்ஃபாம் முழு வெளிப்படைத்தன்மையுடன் நடந்துகொள்ளவில்லை. நற்பெயரையும் நன்கொடையாளர்களுடனான உறவையும் காக்கும் விருப்பம் அந்த அணுகுமுறையில் வெளிப்பட்டது. இரண்டாவது, சிறார் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்ற தகவல்கள் உரிய தீவிரத்துடன் ஆராயப்படவில்லை. மூன்றாவது, ஒரே விவகாரத்தில் தொடர்புடைய மூத்த ஊழியர்களைவிட இளநிலை ஊழியர்கள் கடுமையாக நடத்தப்பட்டனர். நான்காவது, 2011-க்குப் பிறகு பாதுகாப்பு ஏற்பாடுகளை வலுப்படுத்துவதாக நிறுவனம் உறுதி அளித்தபோதிலும் அதற்குப் போதிய பணமும் ஆள்பலமும் ஒதுக்கப்படவில்லை. நிறுவனத்தின் ஊழியர்களே விடுத்த எச்சரிக்கைகள் எல்லா நேரமும் கேட்கப்படவில்லை.

நான்காவது அம்சம் நிதியின் தன்மையோடு தொடர்புடையது. அரசு அளிக்கும் தொகை பெரும்பாலும் குறிப்பிட்ட திட்டத்துக்கு மட்டுமே செலவிட வேண்டியது. இத்தனை கிணறுகள், இத்தனை கூடாரங்கள் என அது அளக்கப்படுகிறது. புகார்களை விசாரிக்கும் பிரிவுக்கான ஊதியம் பொது நிதியிலிருந்து வர வேண்டும். கொடுக்கும் பணத்தில் எவ்வளவு நேரடியாக ஏழைகளைச் சென்றடைகிறது என்ற ஒரே அளவுகோலால் தொண்டு நிறுவனங்கள் மதிப்பிடப்படும் சூழலில், நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டுவது பெருமையாகக் கருதப்படுகிறது. அந்தக் குறைப்பில் முதலில் அடிபடுவது கண்காணிப்புப் பணியே.

ஆணையம் ஆக்ஸ்ஃபாமுக்கு அதிகாரப்பூர்வ எச்சரிக்கை விடுத்தது. சீர்திருத்தத்துக்கான செயல்திட்டத்தைக் காலக்கெடுவுக்குள் சமர்ப்பிக்கச் சட்டப்பூர்வ ஆணையும் பிறப்பித்தது. அறங்காவலர் குழுத் தலைவர் கரோலைன் தாம்சன் அறிக்கையின் முடிவுகளை ஏற்று மன்னிப்புக் கோரினார்.

அதற்குள் நிறுவனத்தின் தலைமையும் மாறியிருந்தது. கோல்டரிங் 2018-ஆம் ஆண்டு இறுதியில் விலக, இலங்கையில் பிறந்த தமிழரான டேனி ஸ்ரீஸ்கந்தராஜா 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அதற்கு முன்னர் அவர் குடிமைச் சமூக அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான சிவிகஸின் பொதுச்செயலராக இருந்தவர்.

திறந்த கதவு மீண்டும் மூடியது

சீர்திருத்தங்களை ஆய்வு செய்த ஆணையம் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தன் சிறப்புக் கண்காணிப்பை முடித்துக்கொண்டது. மார்ச் மாதம் ஆக்ஸ்ஃபாம் மீண்டும் அரசு நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. மூன்றாண்டு காத்திருப்பு முடிவுக்கு வந்ததாகக் கருதப்பட்டது.

சில வாரங்களே அது நீடித்தது. மத்திய ஆப்பிரிக்காவில் உள்ள காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஆக்ஸ்ஃபாம் ஊழியர்கள் மீது பாலியல் சுரண்டல், மிரட்டல், நிர்வாக முறைகேடு தொடர்பான புகார்கள் இருப்பது ஏப்ரல் மாதம் செய்தியானது. புதிய விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதை வெளியுறவு அமைச்சகம் மீண்டும் நிறுத்தியது. விசாரணைக்குப் பின் ஊழியர்கள் சிலர் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

இரண்டாவது நிறுத்தத்தை இருவிதமாகப் பார்க்க முடியும். சீர்திருத்தம் களத்தைச் சென்றடையவில்லை என்பதற்கு அது சான்று என்பது ஒரு பார்வை. புகார் வந்ததும் விசாரணை தொடங்கியதும், தவறு உறுதியானதும் நடவடிக்கை எடுக்கப்பட்டதும் புதிய ஏற்பாடு இயங்குவதற்கான சான்று என்பது மற்றொரு பார்வை. புகார்களே இல்லாத நிறுவனம் தூய்மையானது என்று பொருளல்ல. புகார் சொல்ல வழியில்லாத நிறுவனமாகவும் அது இருக்கலாம். பெறப்பட்ட புகார்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து அரசு தண்டித்தால், புகார் பெட்டியைத் திறக்காமல் வைப்பதே பாதுகாப்பு என நிறுவனங்கள் கற்றுக்கொள்ளும் என்பது நிர்வாக வல்லுநர்களின் கவலை.

நிதி நிறுத்தத்தின் சுமை யார் மீது?

நிதி நிறுத்தத்தை ஆதரிப்போரின் வாதம் எளிமையானது. வரி செலுத்துவோரின் பணம், உதவி நாடி வருபவர்களைச் சுரண்டுவோரின் கைக்குப் போகக் கூடாது. நிதி நிற்கும் என்ற அச்சம் இல்லாவிட்டால் எந்த அறங்காவலர் குழுவும் கடினமான முடிவுகளை எடுக்காது. 2018-இல் ஏழு ஆண்டுகளில் நடக்காத மாற்றங்கள் ஏழு நாள்களில் தொடங்கியதற்கு அந்த அச்சமே காரணம் என்பதை மறுக்க இயலாது.

எதிர்வாதமும் வலுவானது. தவறு செய்தவர்களின் ஊதியம் அப்போது நிற்கவில்லை. அவர்கள் எப்போதோ வெளியேறிவிட்டனர். நிதி குறையும்போது மூடப்படுவது ஏதோ ஒரு நாட்டின் குடிநீர்த் திட்டமாக இருக்கலாம். வேலை இழப்பவர், நேர்மையாகப் பணியாற்றிய உள்ளூர் ஊழியராக இருக்கலாம். 2018-இல் நடைமுறையில் இருந்த திட்டங்களுக்கான நிதி உடனடியாக நிறுத்தப்படாமல், புதிய விண்ணப்பங்கள் மட்டும் நிறுத்தப்பட்டதற்கு இந்தக் கவலையே அடிப்படை. ஆயினும் வருவாய் குறைந்ததால் ஆக்ஸ்ஃபாம் அந்த ஆண்டே கோடிக்கணக்கான பவுண்டு செலவைக் குறைக்கத் திட்டமிட வேண்டியிருந்தது.

இவ்விரு வாதங்களுக்கும் நடுவே பெரும்பாலும் விடுபடுபவர்கள், பாதிக்கப்பட்ட பெண்கள். நிதி நிறுத்தப்பட்டதால் அவர்களுக்கு இழப்பீடோ மருத்துவ உதவியோ சட்ட உதவியோ தானாகக் கிடைத்துவிடவில்லை. பிரிட்டன் அரசின் உதவித் திட்டங்களை மதிப்பிடும் சுயாதீன ஆணையம் 2022-ஆம் ஆண்டு அளித்த ஆய்வறிக்கையிலும், இந்த முயற்சிகளில் பாதிக்கப்பட்ட மக்களின் குரலுக்குப் போதிய இடம் தரப்படவில்லை என்ற குறை சுட்டிக்காட்டப்பட்டது.

இந்தியாவில் நிலை என்ன?

ஆக்ஸ்ஃபாம் இந்தியா 2008-ஆம் ஆண்டு தனி இந்திய நிறுவனமாக உருவானது. ஹைதி விவகாரத்துடன் அதற்குத் தொடர்பில்லை. அது எதிர்கொண்ட சிக்கல் வேறு வகையைச் சேர்ந்தது. ஆனால், அரசு கையாளும் கருவி அங்கும் பணத்தின் வழியே இயங்குகிறது.

இந்தியாவில் தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டு நன்கொடை பெற வேண்டுமானால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். 2020-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, வெளிநாட்டு நன்கொடை டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் தொடங்கப்படும் கணக்கில் மட்டுமே முதலில் பெறப்பட வேண்டும். ஒரு நிறுவனம் பெற்ற தொகையை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது தடை செய்யப்பட்டது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

ஆக்ஸ்ஃபாம் இந்தியாவின் பதிவைப் புதுப்பிக்க 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் உள்துறை அமைச்சகம் மறுத்தது. 2022-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி முதல் அது வெளிநாட்டு நிதி பெற இயலாத நிலை ஏற்பட்டது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரலில், சட்ட மீறல் குற்றச்சாட்டுகளின் பேரில் அமைச்சகம் பரிந்துரை செய்ததைத் தொடர்ந்து மத்தியப் புலனாய்வு அமைப்பான சிபிஐ வழக்குப் பதிவு செய்து சோதனை நடத்தியது. இந்தியச் சட்டங்களை முழுமையாகப் பின்பற்றி வருவதாக ஆக்ஸ்ஃபாம் இந்தியா தெரிவித்தது.

வெளிநாட்டுப் பணம் எங்கிருந்து வருகிறது, எதற்குச் செலவிடப்படுகிறது என்பதை அறிவது நாட்டின் நலனுக்கு அவசியம் என்பது அரசின் நிலைப்பாடு. சட்டத்தின் கடுமை, அரசை விமர்சிக்கும் அமைப்புகளை முடக்கப் பயன்படுத்தப்படுகிறது என்பது தொண்டுத் துறையினர் பலரின் குற்றச்சாட்டு. இந்த விவாதத்துக்கு அப்பால், ஹைதி விவகாரத்தின் வெளிச்சத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சட்டத்தின் பார்வை பணத்தின் போக்கைப் பின்தொடர்கிறது. உதவி பெறுவோர் நடத்தப்படும் விதத்தை அது அளப்பதில்லை. 2011-இல் ஆக்ஸ்ஃபாமின் பணக் கணக்கு சரியாகவே இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

உதவி பெறுவோரின் பாதுகாப்புக்கு இந்தியாவில் வேறு சட்டங்கள் உள்ளன. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் ஒவ்வொரு நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தொண்டு நிறுவனங்களும் இதற்கு உட்பட்டவை. அங்கு வேலை செய்யாத பெண்ணும் அப்பணியிடம் தொடர்பாகப் பாதிக்கப்பட்டிருந்தால் புகார் அளிக்கலாம். சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இன்னும் கண்டிப்பானது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் அல்லது நடக்கக்கூடும் என அஞ்சுபவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். நிறுவனத் தலைமை தன் கீழ் பணியாற்றுபவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. நற்பெயர் கெடும் என்ற காரணத்தைச் சட்டம் ஏற்பதில்லை.

மாறியது எது, மாறாதது எது?

2018-க்குப் பிறகு சில நடைமுறை மாற்றங்கள் வந்துள்ளன. ஒரு நிறுவனத்தில் தவறு செய்து வெளியேறியவர் மற்றொரு நிறுவனத்தில் சேர்வதைத் தடுக்க, பணியமர்த்தும் முன் பழைய நிறுவனத்திடம் பாலியல் முறைகேடு குறித்த தகவலைக் கேட்டுப் பெறும் திட்டம் 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பல சர்வதேசத் தொண்டு நிறுவனங்கள் அதில் இணைந்துள்ளன. அரசு நிதி ஒப்பந்தங்களில் பாதுகாப்பு விதிகள் கட்டாய நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

அதே வேளையில் நிதிச் சூழல் இறுகிவிட்டது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்குவது என 2015-ஆம் ஆண்டு சட்டம் இயற்றிய பிரிட்டன், 2021-ஆம் ஆண்டு அதை 0.5 சதவீதமாகக் குறைத்தது. 2027-ஆம் ஆண்டுக்குள் 0.3 சதவீதமாகக் குறைக்கப்படும் என 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவித்தது. அமெரிக்காவின் சர்வதேச வளர்ச்சி முகமை 2025-ஆம் ஆண்டு ஜூலையில் தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்தியது. பணம் குறையும்போது போட்டி கூடுகிறது. போட்டி கூடும்போது கெட்ட செய்தியை வெளியே சொல்லும் துணிவு குறைகிறது. கண்காணிப்புப் பிரிவுக்கு ஒதுக்கும் தொகையும் முதலில் வெட்டப்படும் அபாயம் உள்ளது.

எனவே நிதியை நிறுத்தலாமா, கூடாதா என்ற கேள்வியைவிட, எதற்காக நிறுத்துவது என்ற கேள்வி முக்கியமாகிறது. தவறு நடந்ததற்காகவா, அல்லது தவறு மறைக்கப்பட்டதற்காகவா? தானாக முன்வந்து தெரிவித்து, காவல்துறையிடம் ஒப்படைத்து, பாதிக்கப்பட்டவருக்குத் துணை நின்ற நிறுவனத்துக்கும், அரைகுறையாகச் சொல்லி ஆண்டுகளைக் கடத்திய நிறுவனத்துக்கும் ஒரே தண்டனை கிடைக்குமானால், அடுத்த நிறுவனம் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

நன்கொடை அளிப்பவர்களும் இதில் பங்கேற்க முடியும். ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் பார்க்கும்போது, பணத்தில் எத்தனை சதவீதம் நேரடி உதவிக்குச் சென்றது என்பதோடு, அந்த ஆண்டில் எத்தனை புகார்கள் பெறப்பட்டன, அவற்றில் எத்தனை விசாரிக்கப்பட்டன, முடிவு என்ன ஆனது என்பதையும் பார்க்கலாம். அந்தப் பக்கமே இல்லாத அறிக்கையும் ஒரு தகவல்தான்.